கூழாங்கல்லுக்கு அடியில் மிஞ்சிய மண்

கோடை மழை விட்ட மறுநாள் காலை, தர்மபுரி பக்கம் ஒரு மானாவாரிச் செம்மண் காட்டுக்குப் போயிருந்தேன். காட்டுக்காரர் என்னை நேராகக் கீழ்க்கோடிக்குக் கூட்டிப்போய், இடுப்பளவு ஆழத்துக்கு அறுத்துக் கிடந்த ஓடையைக் காட்டினார். "மூணு வருசமா மண்ணைக் கொட்டி மூடுறேன் சார், ஒவ்வொரு மழைக்கும் வாரிக்கிட்டுப் போயிடுது."

அவரை மேட்டுப் பக்கம் அழைத்துப்போய்க் குனிந்து பார்க்கச் சொன்னேன். அங்கே ஓடையே இல்லை. ஆனால் ஒவ்வொரு கூழாங்கல்லும் சின்னஞ்சிறு மண் தூண் ஒன்றின்மேல் உட்கார்ந்திருந்தது. கல் குடை பிடித்த இடத்தில் மட்டும் மண் மிஞ்சியிருக்கிறது, சுற்றிலும் இருந்தது போய்விட்டது. தூணின் உயரம் ஒரு சென்டிமீட்டர் இருக்கும். ஒரு ஏக்கர் முழுக்க அந்த அளவு போனால் 1,400 கன அடிக்கு மேல், அதாவது 14 யூனிட் மண். அதுவும் நாம் எருவடித்துத் தேற்றிய மேல்மண்.

பெரிய மழைத்துளி நொடிக்குச் சுமார் 9 மீட்டர் வேகத்தில் விழுகிறது. வெறும் மண்ணில் அந்த அடி விழுந்தால் கட்டி உடைந்து தூளாகி, மண்ணின் துளைகளை அடைத்துவிடும். அப்புறம் தண்ணீர் உள்ளே இறங்காது, சரிவைப் பார்த்து ஓடும். ஓட்டத்தின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் ஆற்றல் நான்கு மடங்காகும். இவர் சரிவோடு உழுதிருந்தார். ஒவ்வொரு உழவு சாலும் தண்ணீருக்கு வாய்க்காலாகிவிட்டது.

ஆகவே வேலையை மேலிருந்து தொடங்குங்கள். சரிவுக்குக் குறுக்கே உழுங்கள். மட்டம் பார்க்கக் கருவி வாங்க வேண்டாம்: ஒரே உயரமுள்ள இரண்டு மூங்கிலை உச்சியில் கட்டி, நடுவே குறுக்குக் கட்டை வைத்து, உச்சியிலிருந்து நூலில் ஒரு கல்லைத் தொங்கவிடுங்கள். ஓரிடத்தில் நிறுத்தி, குறுக்குக் கட்டையில் நூல் தொடும் இடத்தைக் குறியுங்கள். கால்களை இடம் மாற்றி வைத்து இன்னொரு முறை குறியுங்கள். இரண்டுக்கும் நடுப்புள்ளியில் நூல் நின்றால் இரு கால்களும் ஒரே மட்டம். அப்படியே கால் மாற்றி நகர்ந்து முளையடித்தால் சமமட்டக் கோடு கிடைத்துவிடும். அந்தக் கோட்டில் வரப்பு போட்டு, ஓரமாக வெட்டிவேர் நாற்றை அரையடிக்கு ஒன்றாக நெருக்கி நடுங்கள்.

வரப்புக்கு வழிந்தோடி, அதாவது மிஞ்சிய தண்ணீர் வரப்பை உடைக்காமல் வெளியேறும் வழி, கட்டாயம். வேலைக்கு வந்த புதிதில் அது இல்லாமல் ஒரு வரப்பு போட்டுக் கொடுத்தேன். ஒரே இரவு மழையில் உடைந்து, கீழே இருந்த கடலைச் செடியை முழுக்க மூடிவிட்டது. அந்தக் குடும்பத்தின் முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

சரி, ஓடை? அது கடைசி வேலை. மண் கொட்டாதீர்கள், கல்லடுக்கித் தடுப்புகள் போடுங்கள். நடுப்பகுதி தாழ்ந்திருந்தால்தான் தண்ணீர் கரையைக் குடையாது. கீழ்த் தடுப்பின் உச்சியும் மேல் தடுப்பின் அடியும் ஒரே மட்டத்தில் இருக்கட்டும். கல்லுக்குப் பின்னால் வண்டல் தங்கத் தொடங்கியதும், ஈரம் காய்வதற்குள் அதில் புல்லை நட்டுவிடுங்கள்.