பசில் ரேட்டிங் 2000, பலகையில் 1450: வித்தியாசம் எங்கே போகிறது?

செஸ் பயிற்சியாளராக நான் அதிகம் எதிர்கொள்ளும் கேள்வி, டோர்னமென்ட் ஹாலுக்கு வெளியே பெற்றோரிடமிருந்து வருவதுதான். “சார், ஆப்ல பசில் ரேட்டிங் 2000 தாண்டிட்டான். ஃபிடே ரேட்டிங் மட்டும் 1450-லயே நிக்குது, ஏன்?”

முதலில், இந்த இரண்டு எண்களும் ஒரே அளவுகோலில் வந்தவை அல்ல. லிச்செஸ் போன்ற இணைய செஸ் தளங்களில் நீங்கள் பசிலோடு, அதாவது ஒரு நிலையைக் காட்டிச் சரியான நகர்வைக் கண்டுபிடிக்கச் சொல்லும் புதிரோடு, மோதுகிறீர்கள். பசிலுக்கும் ஒரு ரேட்டிங் உண்டு. ஃபிடே (உலக செஸ் கூட்டமைப்பு) ரேட்டிங் எதிரே உட்கார்ந்த ஆளோடு மோதி வாங்குவது. அதனால் 2000-இலிருந்து 1450-ஐக் கழித்துப் பார்த்துக் கவலைப்பட ஒன்றுமில்லை.

கவலைப்பட வேண்டியது வேறொன்று. பசில் திரையில் வந்த உடனேயே “இங்கே ஏதோ இருக்கிறது, தேடு” என்று சொல்லிவிடுகிறது. ஆட்டத்தில் அப்படி யாரும் சொல்வதில்லை. 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர், உலக சாம்பியன்ஷிப்பின் 14-ஆவது ஆட்டம். குகேஷுக்கு எதிராக, அப்போதைய உலக சாம்பியன் டிங் லிரன் 55-ஆவது நகர்வில் யானையை எஃப்2 கட்டத்துக்குக் கொண்டுவந்தார். யானைகளை வெட்டிக்கொண்டால், ஏ8 மூலையில் மாட்டியிருந்த அவருடைய பிஷப்பையும் வெட்டிக்கொள்ளலாம். மிஞ்சுவது குகேஷுக்கு ஒரு சிப்பாய் அதிகமுள்ள, ஜெயிக்கிற முடிவாட்டம். பசிலாகக் கொடுத்தால் கிளப் அளவில் ஆடும் பிள்ளைகளே கண்டுபிடித்துவிடுவார்கள். ஆனால் பல மணி நேரம் ஆடிக் களைத்த உலக சாம்பியனுக்கு அது தெரியவில்லை. தானே முதலில் கவனிக்கவில்லை என்று குகேஷும் பின்னால் சொன்னார்.

ஆரம்ப நிலைப் பிள்ளைகளுக்கு நான் கொடுப்பது ஒரே நகர்வில் மேட் (ராஜா தப்ப வழியில்லாத செக்), காவல் இல்லாத காயைப் பிடிப்பது, இவ்வளவுதான். எஃப், ஜி, எச் சிப்பாய்கள் அசையாமல் நிற்க, அவற்றுக்குப் பின்னால் ராஜா, எட்டாவது வரிசையில் வந்து இறங்கும் யானை. இதே மேட்டை வேறு வேறு இடத்தில் வைத்துத் திரும்பத் திரும்பப் போட வைப்பேன். “இதெல்லாம் ஈஸி சார், அடுத்த லெவல் கொடுங்க” என்று வீட்டிலிருந்து அவசரப்படுத்துவார்கள். ஈஸியாக வரட்டும் என்றுதான் கொடுக்கிறேன். சேஸ், சைமன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1973-இல் வெளியிட்ட சோதனை ஒன்று உண்டு. பலகையைச் சில விநாடிகள் காட்டி மறைத்துவிட்டு, பார்த்ததைத் திரும்ப அடுக்கச் சொன்னார்கள். நிஜ ஆட்டத்திலிருந்து எடுத்த நிலை என்றால் மாஸ்டர் பெரும்பாலான காய்களைச் சரியாக வைத்தார். காய்களைக் கன்னாபின்னாவென்று கலைத்து வைத்தபோது, கற்றுக்குட்டியைவிட அவர் பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. பொதுவான ஞாபகசக்தி அல்ல, பழகிய அமைப்புகள்தான் அவரிடம் கூடுதலாக இருந்தன. அவை சுலபமான பசில்களைக் கொத்துக் கொத்தாகப் போட்டுத்தான் சேரும்.

உண்மையான சிக்கல் நடுத்தர நிலையில்தான். பையன் முதல் நகர்வை ஊகித்துத் தட்டுகிறான். சரி என்று பச்சை வந்ததும் எதிராளியின் பதிலை ஆப்பே ஆடிக் காட்டிவிடுகிறது. அதைப் பார்த்துவிட்டு இரண்டாவதைத் தட்டுகிறான். மூன்று நகர்வுப் பசில் முடிந்தது, ரேட்டிங்கும் ஏறியது. எதிராளி என்ன ஆடுவான் என்று அவன் ஒரு தடவைகூட யோசிக்கவில்லை! பலகையில் உட்காரும்போது அந்த வேலையைச் செய்துதர ஆப் இல்லை. அதனால் என் வகுப்பில் இந்த நிலைக்கு வந்தவர்கள் காயைத் தொடும் முன் முழு வரிசையையும் நோட்டில் எழுத வேண்டும், எதிராளியின் மிகச் சிறந்த தடுப்போடு சேர்த்து. முதல் நகர்வு மட்டும் சரியென்றால் மார்க் கிடையாது. சில பேர் இதற்காக என்னிடம் கோபித்துக்கொள்வதும் உண்டு.

தலைப்பு பார்த்துப் பசில் போடுவதும் இப்படித்தான். “ஃபோர்க்” (ஒரே காய் இரண்டு காய்களைத் தாக்குவது) என்று மேலே எழுதியிருந்தால் குதிரையைத் தவிர வேறெதையும் பார்க்க மாட்டார்கள். புது உத்தியைக் கற்கும் முதல் சில நாள்கள் தலைப்பு இருக்கட்டும், அப்புறம் கலந்த பசில்தான். நடுவே பசிலே இல்லாத நிலைகளையும் சொல்லாமல் செருகிவிடுவேன். சும்மா ஒரு பிஷப்பை நல்ல கட்டத்துக்கு நகர்த்தினால் போதும் என்கிற நிலை. பாதிப் பேர் ராணியைத் தூக்கிப் போட்டு வெட்டுக்கொடுப்பார்கள்!

மூன்று நிமிடத்தில் எத்தனை முடிகிறது என்கிற பசில் ரஷ் வகை வார்ம்-அப்புக்கு நல்லது. அதுவே முழுப் பயிற்சி ஆகிவிட்டால், யோசிக்காமல் கை வைக்கும் பழக்கம் ஊறிவிடும்.

ஓரளவு தேறியவர்களுக்கு ‘ஸ்டடி’ எனப்படும் இயற்றப்பட்ட முடிவாட்டங்கள். நான் முதலில் கொடுப்பது சாவேத்ரா நிலை. வெள்ளை ராஜா பி6, சிப்பாய் சி6. கறுப்பு ராஜா ஏ1, யானை டி5. வெள்ளையின் முறை. சிப்பாய் சி7-க்குப் போகிறது. கறுப்பு யானை செக் மேல் செக் கொடுக்க, வெள்ளை ராஜா பி5, பி4, பி3 என்று இறங்கி சி2-க்கு வருகிறது. அப்போது கறுப்பு யானை டி4-க்கு வந்து வலை விரிக்கிறது. சிப்பாயை சி8-இல் ராணியாக மாற்றி எடுத்தால் யானை சி4-இல் செக்; ராணி அதை வெட்டினால் ஸ்டேல்மேட், அதாவது செக் இல்லாமலே ஆட நகர்வு இல்லாத டிரா. இதைக் கண்டதும் நல்ல மாணவர்களே “டிரா சார்” என்று பேனாவை மூடிவிடுவார்கள். 1895-இல் கிளாஸ்கோ பத்திரிகை ஒன்றின் செஸ் பகுதியிலும் இது டிரா என்றுதான் வந்தது. அங்கே வாழ்ந்த சாவேத்ரா என்ற ஸ்பானியப் பாதிரியார்தான், சி8-இல் ராணிக்குப் பதில் யானை எடுத்தால் ஜெயம் என்று காட்டினார். ஏ8-இல் மேட் மிரட்டல் வரும். கறுப்பு ஏ4-இல் தடுத்தால் ராஜா பி3. யானையும் தாக்கப்படுகிறது, சி1-இல் மேட்டும் காத்திருக்கிறது. சாவேத்ரா ஒன்றும் பெரிய ஆட்டக்காரர் இல்லை. எல்லோரும் நிறுத்திய இடத்துக்கு மேல் ஒரு நகர்வு பார்த்தார்.

இந்த மாதிரி ஒன்றை நிஜப் பலகையில் அடுக்கி, காயைத் தொடாமல் அரை மணி நேரம் உட்காரச் சொல்வேன். விடை வராவிட்டாலும் பரவாயில்லை, விடை சொல்லிவிடும் செஸ் எஞ்சினை (கணினி நிரலை) மட்டும் திறக்கக் கூடாது.

அடுத்த நிலைக்கு எப்போது போவது? பத்துக்கு ஒன்பது முழு வரிசையோடு சரியாக வந்தால் போகலாம். ஆறு, ஏழில் நின்றால் அங்கேயே இருக்கட்டும். செஸ் தெரியாத பெற்றோரும் இதைச் சோதிக்கலாம். பிள்ளை விடை சொன்னதும், “சரி, அதுக்கு அவன் என்ன ஆடுவான்?” என்று மட்டும் கேளுங்கள்.