டர்போ என்றால் பம்பரம்

கொல்லிமலை அடிவாரத்தில், காரவள்ளிக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பட்டறை. சிமென்ட் மூட்டையோடு மலையேறக் கிளம்பிய நண்பரின் டீசல் பிக்கப் அங்கே பானட்டைத் திறந்தபடி நின்றது. மூன்றாவது வளைவிலேயே புல்லிங் இல்லை, பின்னால் ஒரே கரும்புகை. எழுபது வளைவில் இன்னும் அறுபத்தேழு பாக்கி என்று திருப்பிக்கொண்டு இறங்கிவிட்டோம். "டர்போ போயிருச்சு" என்று நண்பரே தீர்ப்பும் எழுதிவிட்டார். மனசுக்குள் பல ஆயிரம் ரூபாய் கணக்கு ஓடியது முகத்தில் தெரிந்தது.

மெக்கானிக் டர்போவைத் தொடவே இல்லை. டர்போவிலிருந்து சூடாக வரும் காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஓஸின் அடிப்பக்கத்தைக் கையால் தடவினார். விரலில் எண்ணெயும் தூசியும் கலந்த கருப்புப் பிசுக்கு. ஓஸை மடக்கிக் காட்டினார்: நகக்கண் அளவுக்கு ஒரு கிழிசல். சும்மா நிற்கும்போது மூடியே இருக்கும். காற்று அழுத்தினால் வாய் திறக்கும். "டர்போ ஒண்ணும் ஆகலைண்ணே, அது ஊதுறது வழியில போயிருது" என்றார். டர்போவுக்கு இதைவிடச் சுருக்கமான விளக்கத்தை நான் எங்கும் படித்ததில்லை. அது ஊதுகிறது, அவ்வளவுதான். ஆனால் பெயர் எங்கிருந்து வந்தது?

லத்தீனில் 'டர்போ' என்ற சொல்லுக்குச் சுழல்வது என்று பொருள். சூறைக்காற்றுக்கும் அந்தப் பெயர். பையன்கள் சாட்டை சுற்றி விடும் பம்பரத்துக்கும் அதே பெயர்தான். விமானத்தில் போகும்போது பயமுறுத்துகிறார்களே, 'டர்புலன்ஸ்', அதுவும் இந்தக் குடும்பம்தான். 1822-இல் கிளோட் புர்தேன் என்ற பிரெஞ்சுப் பொறியாளர், நீரின் வேகத்தில் சுழலும் இயந்திரத்துக்குப் பெயர் தேடியபோது இந்தச் சொல்லிலிருந்து 'டர்பைன்' என்று உண்டாக்கினார். டர்பைன் தலையை மட்டும் வெட்டியெடுத்து, பின்னால் 'சார்ஜர்' ஒட்டினால் டர்போசார்ஜர். நடுவில் 'சூப்பர்' என்று ஒரு துண்டும் இருந்தது. 'டர்போசூப்பர்சார்ஜர்' என்றுதான் முன்பு எழுதினார்கள். வாய் வலித்ததோ என்னவோ, அது உதிர்ந்துபோனது. நம் ஊர்ப் பட்டறையில் சார்ஜரும் உதிர்ந்து வெறும் டர்போ ஆனது. பில் புத்தகத்தில் 'டர்பா' என்றும் பார்த்திருக்கிறேன்.

சார்ஜ் என்பதற்கும் ஒரு கதை உண்டு. அதன் லத்தீன் வேர், வண்டியில் பாரம் ஏற்றுவது. பிறகு துப்பாக்கியில் மருந்து கெட்டிப்பது, பிறகு எஞ்சினின் சிலிண்டருக்குள் நிரம்பும் காற்று, பேட்டரிக்குள் ஏறும் மின்சாரம் என்று பொருள் கிளை விட்டுக்கொண்டே போனது.

பொருளை எண்ணிப் பார்த்தால் கருவி தானே புரியும். ஒரே தண்டு, இரண்டு முனையிலும் ஒவ்வொரு விசிறிச் சக்கரம். எஞ்சினிலிருந்து சீறி வரும் புகை ஒரு சக்கரத்தைச் சுழற்றுகிறது. மறுமுனைச் சக்கரம் வெளிக்காற்றை இழுத்து அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. பம்பரத்துக்குச் சாட்டை எப்படியோ, இதற்குப் புகை அப்படி. நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றைத் தாண்டும் இந்தப் பம்பரத்துக்குக் காசில்லாத சாட்டை. எரிபொருளின் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சைலன்சர் வழியாக வீணே போவதுதான். அதில் கொஞ்சத்தைப் பிடித்து வேலை வாங்குகிறது.

இதை முதலில் காகிதத்தில் போட்டவர் ஸ்விட்சர்லாந்தின் ஆல்ஃபிரட் ப்யூஷி. காப்புரிமை 1905-இல். உருப்படியாக ஓட இருபது வருஷம் ஆனது: 1925 வாக்கில் இரண்டு ஜெர்மன் பயணிகள் கப்பல்களின் டீசல் எஞ்சின்கள் 1750 குதிரைத் திறனிலிருந்து 2500-க்கு ஏறின. நடுவே 1918-இல், அமெரிக்காவின் ஸான்ஃபோர்ட் மாஸ் ஒரு விமான எஞ்சினையும் டர்போவையும் லாரியில் ஏற்றி, 4,300 மீட்டர் உயரமான பைக்ஸ் பீக் மலையுச்சிக்குக் கொண்டுபோய் ஓட்டிக் காட்டினார். உயரே போகப் போகக் காற்று மெலிகிறது, எஞ்சின் மூச்சு வாங்குகிறது. மெலிந்த காற்றைத் திணித்துக் கெட்டியாக்கினால் பழைய பலம் திரும்புகிறது. மலையேறும் வண்டிக்காரர்கள் டர்போவைக் கொண்டாடுவதற்கு இந்த மலையுச்சிச் சோதனையே போதும். காரில் டர்போ டீசல் வந்தது 1978-இல், மெர்சிடிஸ் 300 எஸ்டி.

பிறகு சொல் கெட்டுப்போனது. எண்பதுகளில் கம்ப்யூட்டர் பெட்டியின் முகப்பில் 'டர்போ' பொத்தான் வைத்தார்கள். தமிழ்நாட்டு என்ஜினியரிங் கல்லூரிகளில் ஒரு தலைமுறை முழுக்க 'டர்போ சி' என்ற மென்பொருளில்தான் புரோகிராம் எழுதக் கற்றது. அந்த நீலத்திரையில் காற்றும் இல்லை, புகையும் இல்லை. டர்போ என்றால் 'வேகம்' என்று ஆகிவிட்டது. அதனால் வரும் நஷ்டம் பட்டறையில் தெரியும். வேகத்துக்கான சாமான் என்று நினைப்பவர், வேகம் குறைந்ததும் அதை மாற்றச் சொல்கிறார். காற்றுக்கான சாமான் என்று தெரிந்தவர், முதலில் காற்று போகும் வழியைப் பார்க்கிறார்: ஏர் ஃபில்டர், ஓஸ், கிளாம்ப், இன்டர்கூலர், டர்போவின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ஆக்சுவேட்டருக்குப் போகும் சின்ன வேக்குவம் குழாய். அதெல்லாம் சரியாக இருந்தால்தான் டர்போ மேல் சந்தேகம்.

புகையின் நிறமும் பேசும். கரும்புகை என்றால் டீசலுக்கு ஈடான காற்று இல்லை. நீலப்புகை என்றால் எஞ்சின் ஆயில் எரிகிறது. தண்டின் சீல் வழியாகக் கசியலாம். ஆம்புலன்ஸ் மாதிரி ஓர் ஊளைச் சத்தம் கேட்டால் சக்கரம் கூட்டில் உரசத் தொடங்கியிருக்கலாம், வண்டியை ஓரங்கட்டிவிடுங்கள். ஓஸுக்குள் லேசாக எண்ணெய் ஈரம் இருப்பதும், தண்டு பக்கவாட்டில் துளி ஆடுவதும் நோயல்ல. அந்தத் தண்டு ஆயில் படலத்தின் மேல்தான் மிதந்து சுற்றுகிறது. எஞ்சின் நின்றிருக்கும்போது கொஞ்சம் ஆடத்தான் செய்யும். முன்னும் பின்னும் ஆடினால்தான் கவலை.

மிதக்கிறது என்பதால்தான் பழைய டிரைவர்கள் ஏற்றம் ஏறி வந்ததும் சாவியை உடனே திருப்புவதில்லை. எஞ்சின் நின்றால் ஆயிலும் நிற்கும்; தணலாய்க் கிடக்கும் டர்போவுக்குள் தங்கிய ஆயில் கருகிக் கரியாகும். ஒன்றிரண்டு நிமிடம் ஐடிலிங்கில் விட்டால் போதும். காட்டுப்பாதையில் ஓட்டுபவர்களுக்கு இன்னொரு எதிரி தூசி: ஃபில்டர் பெட்டியின் மூடி சரியாக உட்காராவிட்டால், உள்ளே போகும் மணல் அந்த வேகத்தில் சக்கரத்தின் விளிம்பை அரமாக அராவிவிடும்.

ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. சீல் மோசமாகப் போனால், கசியும் ஆயிலையே எரிபொருளாகக் குடித்து டீசல் எஞ்சின் தானாகவே கத்திக்கொண்டு ஓடும். சாவியைப் பிடுங்கினாலும் நிற்காது. கியர் வண்டி என்றால் உயர்ந்த கியரில் போட்டு, பிரேக்கை அழுத்தி, கிளட்சிலிருந்து காலை எடுத்து, எஞ்சினைத் திணறடித்து நிறுத்த வேண்டும். காற்று வாயைக் கையால் அடைக்கப் போகாதீர்கள்.

சரி, தமிழில்? டர்பைனுக்குச் 'சுழலி' இருக்கிறது. சார்ஜுக்கு மின்சாரத் துறையில் 'மின்னூட்டம்' பாடநூலிலேயே ஊன்றிவிட்டது. செல்போன் சார்ஜருக்கு 'மின்னேற்றி' என்பாரும் உண்டு. லத்தீன் வேர்ப்படி பார்த்தால் 'ஏற்றி'தான் நெருக்கம். ஆனால் பிக்கப் பட்டறையில் ஏற்றுவது என்றால் லோடு, வேறெதுவும் இல்லை. காற்றை எஞ்சினுக்கு ஊட்டுகிறோம். அதனால் 'சுழலூட்டி' என் தெரிவு. பெல்ட்டால் சுற்றும் சூப்பர்சார்ஜர் இதில் சேராது, அதற்கு 'மீயூட்டி' என்று தனியாக வைத்துக்கொள்ளலாம். 'காற்றழுத்தி' வேண்டாம்; டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரஸரும் அதைத்தான் செய்கிறது.

புது ஓஸை மாட்டி, கிளாம்ப் இறுக்கிக்கொண்டிருந்த மெக்கானிக்கிடம் இந்தச் சொல்லைச் சொல்லிப் பார்த்தேன். ஸ்பேனரை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

"ஊட்டியா? ஊட்டிக்கு இந்த வழி இல்லையே சார்."