பின்பக்கம் டிஸ்க் பிரேக் மாட்டும் முன்பு அந்த டிரம்மை ஒருமுறை கழற்றிப் பாருங்கள்

"அண்ணா, பின்னாடி ரெண்டு டிரம்மையும் எடுத்துட்டு டிஸ்க் மாட்டிக் குடுத்துடுங்க. எவ்வளவு ஆனாலும் பரவாயில்லைங்க."

கோபியிலிருந்து வந்த தம்பி ஒருவர் பட்டறைக்குள் நுழைந்ததும் இப்படித்தான் ஆரம்பித்தார். எட்டு வருடம் ஓடிய சின்ன கார். குடும்பத்தோடு மைசூர் போய்விட்டுத் திம்பம் வழியாக இறங்கியிருக்கிறார். அங்கே 27 கொண்டை ஊசி வளைவு. பாதி மலை இறங்குவதற்குள் பிரேக் பெடல் பஞ்சு மாதிரி ஆகி, மிதிக்க மிதிக்க உள்ளே போயிருக்கிறது. ஓரங்கட்டி அரை மணி நேரம் நிறுத்தியதும் பழையபடி வந்துவிட்டதாம். பின்சீட்டில் இரண்டு குழந்தைகள். அவர் பயந்ததில் தப்பே இல்லை.

நான் விலை எதுவும் சொல்லவில்லை. வண்டியை ஜாக்கியில் ஏற்றிப் பின்பக்க டிரம் இரண்டையும் கழற்றி, பக்கத்தில் வந்து பார்க்கச் சொன்னேன்.

டிரம்முக்குள் உரசிப் பிடிப்பது ஷூ, அதைத் தள்ளுவது வீல் சிலிண்டர். இடதுபக்கம் வீல் சிலிண்டர் கசிந்து, பிரேக் ஆயிலும் ஷூ தேய்ந்த தூளும் சேர்ந்து கரிமாவு பிசைந்த மாதிரி ஷூவின் உரசும் பட்டையான லைனிங் மேல் அப்பியிருந்தது. வலதுபக்கம் லைனிங் கண்ணாடி போலப் பளபளத்தது. அட்ஜஸ்டர் துருப்பிடித்து இறுகிப்போய், ஷூ தேயத் தேய அதை வெளியே தள்ளவேயில்லை. கைபிரேக்கை இழுத்தால் பிடிப்பதற்குள் 11 கிளிக், ஷூவுக்கும் டிரம்முக்கும் அவ்வளவு இடைவெளி. டப்பாவிலிருந்த பிரேக் ஆயில் காப்பி டிக்காஷன் நிறம். எட்டு வருடமாக யாரும் மாற்றியதில்லை.

ஆக, அந்த வண்டிக்குப் பின்பக்கம் பிரேக் இருந்தும் இல்லாத கணக்கு. முழு வேலையையும் முன்பக்க டிஸ்க்கே செய்திருக்கிறது. அந்தச் சூடு ஆயிலுக்கு ஏறியிருக்கிறது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டாட் 3 என்ற தரத்து ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிவிட்டால் அந்த அளவு 140க்குப் பக்கத்தில் வந்துவிடும். கொதித்தால் குழாய்க்குள் ஆவி. ஆயிலை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். பெடல் உள்ளே போனது அதனால்தான். ஆறியதும் சரியானதும் அதனால்தான்.

இப்போது டிஸ்க் விஷயத்துக்கு வருகிறேன். டிரம் ஒரு மூடிய சட்டி. உள்ளே ஷூ விரிந்து சுவரில் உரசும். சக்கரம் சுற்றும் வேகமே முன் ஷூவை இன்னும் இழுத்து அழுத்திக்கொள்ளும், அதனால் குறைந்த அழுத்தத்திலேயே நன்றாகப் பிடிக்கும். குறை என்னவென்றால் சூடு வெளியே போக வழியில்லை. சூடேறினால் டிரம் விரிந்து ஷூவை விட்டு விலகும். டிஸ்க் திறந்தவெளியில் சுற்றுவதால் சீக்கிரம் ஆறும், மழையில் நனைந்தாலும் உடனே காயும். திரும்பத் திரும்ப பிரேக் பிடிக்கிற இடத்தில் டிஸ்க்தான் உசத்தி, அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை.

ஆனால் பிரேக் அடித்ததும் வண்டியின் பாரம் முன்னால் சாய்கிறது. சின்ன காரில் நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன்சக்கரத்துக்குத்தான். அதனால்தான் கம்பெனிக்காரர்கள் முன்னால் டிஸ்க், பின்னால் டிரம் என்று வைக்கிறார்கள். கைபிரேக்குக்கும் டிரம் தோது. வாய்க்கால் மேட்டிலும் தோட்டத்துத் தடத்திலும் ஓடுகிற வண்டிக்கு மண் சுலபமாக உள்ளே போகாமலும் இருக்கும்.

இன்னொன்று. இப்போதுள்ள பிரேக்கே சக்கரத்தை லாக் செய்யும் அளவுக்குப் பிடிக்கிறது என்றால், அதற்கு மேல் வண்டியை நிறுத்துவது டயருக்கும் ரோட்டுக்கும் உள்ள பிடிமானம்தான். பின்னால் டிஸ்க் போட்டதால் நிற்கும் தூரம் குறைந்துவிடாது. வழுக்கையான டயரை வைத்துக்கொண்டு டிஸ்க் விலை கேட்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு பதறும்.

வேறு ஊரில் இப்படிப் பின்னால் மட்டும் மாற்றிய கார் ஒன்று என்னிடம் வந்தது. டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கிற காலிப்பரில் பெரிய பிஸ்டன். முன்னுக்கும் பின்னுக்கும் அழுத்தத்தைப் பங்கு போடுகிற வால்வு பழையதே. தூறலில் பிரேக் அடித்ததும் முன்சக்கரத்துக்கு முன்பே பின்சக்கரம் லாக்காகி, வண்டி அரைவட்டம் திரும்பி நின்றிருக்கிறது. நான்கு காலிப்பருக்கு வேண்டிய ஆயிலைத் தள்ள, பெடலோடு சேர்ந்த பழைய மாஸ்டர் சிலிண்டருக்குத் தெம்பு இல்லாததால் பெடலும் ஆழமாகப் போனது. கைபிரேக் மேட்டில் வண்டியைப் பிடித்து நிறுத்தவில்லை. அதை எல்லாம் கழற்றி மறுபடியும் டிரம்மே போட்டோம்.

மாற்றவே கூடாதா என்றால், அப்படியில்லை. உங்கள் மாடலிலேயே கம்பெனி பின் டிஸ்க்கோடு உயர்ந்த ரகம் விட்டிருந்தால், அதன் ஹப், காலிப்பர், மாஸ்டர் சிலிண்டர், வால்வு, கைபிரேக் கேபிள் எல்லாவற்றையும் ஒரே செட்டாக எடுத்து மாற்றலாம். சக்கரம் லாக்காகாமல் பார்த்துக்கொள்ளும் ஏபிஎஸ் உள்ள வண்டியில் தனித்தனியாகக் கை வைக்க வேண்டாம். நான்கு சக்கரத்திலும் டிரம் உள்ள பிரீமியர் பத்மினி மாதிரிப் பழைய வண்டி வைத்திருப்பவர் முன்பக்கத்துக்கு முறையாக டிஸ்க் போட்டால், அது கண்ணை மூடிக்கொண்டு செய்யத்தக்க செலவு.

அந்தத் தம்பி வண்டிக்கு இரண்டு வீல் சிலிண்டர், புது ஷூ, அட்ஜஸ்டர் போட்டோம். டிரம்மை லேத்தில் கடைசல் பிடித்தோம், அதிகபட்ச அளவு உள்ளேயே பொறித்திருக்கும், அதைத் தாண்டக் கூடாது. முன்பக்க டிஸ்க்கில் உரசும் பேட் புதிது. பழைய ஆயிலை முழுக்க இறக்கி டாட் 4 ஊற்றி, குழாயில் தங்கிய ஏரை வெளியே எடுத்தோம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இதை மாற்றச் சொல்லியிருக்கிறேன். டிரம் தூளை மட்டும் ஏர் பிடித்து ஊத விடாதீர்கள். பழைய லைனிங்கில் கல்நார் இருக்கலாம், நுரையீரலுக்குக் கேடு. ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

அப்புறம், மலை இறங்கும்போது எந்த கியரில் வந்தீர்கள் என்று கேட்டேன். "நாலுலதாங்ணா, பெட்ரோல் மிச்சமாகும்னு பல எடத்துல நியூட்ரல்லயும் வந்தேன்" என்றார். இரண்டாவது கியரில் போட்டு இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ள விடுங்கள், வளைவுக்கு முன் மட்டும் அழுத்தமாக மிதித்துக் காலை எடுத்துவிடுங்கள், பெடல் மேல் காலை வைத்துத் தேய்த்துக்கொண்டே வராதீர்கள் என்றேன்.

புது ஷூ டிரம்மோடு படிய முதல் 300 கிலோமீட்டர் மெதுவாக ஓட்டிவிட்டு வரச் சொன்னேன். பத்து நாள் கழித்து வந்தார். கைபிரேக்கை இழுத்துப் பார்த்தேன். 6 கிளிக்.