எடை கூடினால் பிரஷர் ஏன் ஏறுகிறது?

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: “அம்மா காசிமேட்டில் மீன் விற்கிறார். வீடு தேடி மருந்து கொடுக்க வரும் அக்கா பிரஷர் பார்த்துவிட்டு 160 என்றார், எடையைக் குறைக்கச் சொன்னார். அம்மாவுக்குத் தலைசுற்றல்கூட இல்லை. எடைக்கும் பிரஷருக்கும் என்ன சம்பந்தம்?”

தலைசுற்றல் இல்லை என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். பெரும்பாலானவர்களுக்கு உயர் ரத்த அழுத்தம் எந்த அறிகுறியும் காட்டாது. ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) ஆதரவில் நாடு முழுக்க நடந்து 2023-ல் வெளியான ஆய்வில், பெரியவர்களில் 35.5 சதவீதம் பேருக்கு அது இருந்தது. டோல்கேட் பஸ் ஸ்டாப்பில் 30 பேர் நின்றால், அந்தக் கணக்குப்படி 10 பேருக்கு மேல்.

சரி, எடைக்கு வருவோம். உடம்பு பெருத்தால் இதயம் கூடுதல் ரத்தம் அனுப்ப வேண்டும். வயிற்றுக் கொழுப்பு சிறுநீரகத்தையும் அழுத்தும். இதெல்லாம் தெரிந்த கதை. எனக்கு ரொம்பப் பிடித்தது லெப்டின்.

கொழுப்பு சும்மா கிடக்கும் மூட்டை இல்லை. அது ஹார்மோன் சுரக்கிறது. 1994-ல் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழு கண்டுபிடித்த லெப்டின் அதில் ஒன்று. ‘கையிருப்பு போதும், சாப்பிட்டது போதும்’ என்று மூளைக்குச் சேதி சொல்வது அதன் வேலை. எடை கூடக் கூட லெப்டினும் கூடும். ஒரே சேதி ஓயாமல் வந்தால்? பசியைக் கவனிக்கும் வழி மரத்துப்போகிறது, பசி அடங்குவதில்லை. ஆனால் அதே லெப்டின், உடம்பை உஷார்ப்படுத்தும் பரிவு நரம்புகளை முடுக்கிவிடும் வழி மட்டும் மரத்துப்போவதில்லை! அந்த நரம்புகள் ரத்தக்குழாய்களை இறுக்குகின்றன, சிறுநீரகத்தை உப்பைப் பிடித்துவைக்கச் செய்கின்றன. உப்போடு தண்ணீரும் தங்குகிறது. பிரஷர் ஏறுகிறது.

இதற்கு ஓர் அழகான சாட்சி உண்டு. பிறவியிலேயே லெப்டின் சுரக்காதவர்கள் உலகில் மிகச் சிலர். பசி அடங்காமல் மிகவும் பருமனாகிறார்கள். ஆனால் அந்தப் பருமனுக்கு எதிர்பார்க்கும் அளவு பிரஷர் அவர்களுக்கு ஏறுவதில்லை.

எடை குறைந்தால் பலன் உண்டு. சராசரியாக ஒரு கிலோவுக்கு ஒரு புள்ளி இறங்கும். அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அப்புறம், ‘உப்பை வறுத்துப் போட்டால் பிரஷர் வராது, இந்துப்பு ஒன்றும் செய்யாது’ என்ற பேச்சு. எனக்குக் கோபமே வருகிறது. வறுத்தாலும் சோடியம் எங்கும் போகாது. இந்துப்பிலும் பெரும்பங்கு அதே சோடியம் குளோரைடுதான்.

இன்னொன்று. கையில் சுற்றும் பட்டை சிறியதாக இருந்தால், பருத்த கையில் அளவு கூடுதலாகக் காட்டும். வீடு வீடாகப் போகும் ஒவ்வொருவர் பையிலும் பெரிய பட்டை ஒன்று இருக்க அரசு பணம் ஒதுக்க வேண்டும். அம்மாவின் கை பூசினாற்போல் இருந்தால், அந்த அக்காவிடம் பெரிய பட்டை கேளுங்கள். அம்மாவை ஐந்து நிமிடம் பேசாமல் உட்காரவைத்து, இன்னொரு நாளும் பார்க்கச் சொல்லுங்கள். அப்போதும் 140-க்குக் கீழே வராவிட்டால் டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.