செக்ரடேரியட்டின் ரத்தம் எங்கே போனது?

1973 ஜூன் 9 அன்று நியூயார்க்கின் பெல்மான்ட் பந்தயத்தில், இரண்டாவதாக வந்த குதிரையை 31 குதிரை நீளம் பின்னால் தள்ளி செக்ரடேரியட் ஓடி முடித்தது. ஒன்றரை மைலுக்கு 2 நிமிடம் 24 வினாடி. மண் தளத்தில் அந்தத் தூரத்தை அதைவிட வேகமாக எந்தக் குதிரையும் இன்றுவரை ஓடியதில்லை.

அதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்பு கனடாவிலிருந்து வந்த நார்தர்ன் டான்சர், கென்டக்கி டெர்பியையும் பிரீக்னெஸையும் வென்று, பெல்மான்ட்டில் மூன்றாவதாக வந்தது. குட்டையான குதிரை. ஒரு வயதில் 25,000 டாலருக்கு விலை சொன்னபோது வாங்க ஆளில்லை. ஓட்டத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் செக்ரடேரியட்டுக்கு நிகராக அதைச் சொல்ல மாட்டேன். ஆனால் வாரிசுகள் என்று வரும்போது எல்லாம் தலைகீழாகிறது. நார்தர்ன் டான்சரின் மகன் நிஜின்ஸ்கி 1970இல் இங்கிலாந்தின் டிரிபிள் கிரவுனை, அதாவது மூன்று பெரிய பந்தயங்களையும் ஒரே ஆண்டில், வென்றது. அதற்குப் பிறகு எந்தக் குதிரையும் அதை வெல்லவில்லை. 14 பந்தயங்களில் ஓடி 14இலும் வென்ற ஃபிராங்கலுக்கு, தாய் தந்தை இருவழியிலும் நார்தர்ன் டான்சர் மூதாதை. செக்ரடேரியட் தந்த 600க்கும் மேற்பட்ட குட்டிகளிலோ தகப்பனைப் போல் ஒன்றுகூட ஓடவில்லை.

ஏன் இப்படி? ஒரு குட்டிக்குத் தகப்பனிடமிருந்து பாதி மரபணுக்கள்தான் போகின்றன. எந்தப் பாதி என்பது ஒவ்வொரு முறையும் குலுக்கலில் முடிவாகிறது. பெரிய இதயம், நீண்ட எட்டு, வலுவான பின்கால், பதறாத மனம் எல்லாம் ஒரே உடலில் சேர்ந்ததால்தான் ஒரு குதிரை மாவீரனாகிறது. அந்தச் சேர்க்கை அப்படியே கைமாறுவதில்லை. குதிரைகள் வாழ்நாளில் ஈட்டும் பரிசுப் பணத்தில் உள்ள ஏற்றத்தாழ்வில் சுமார் 10 சதவீதத்துக்குத்தான் மரபணு காரணம் என்று எடின்பரோ ஆய்வாளர்கள் 2008இல் கணக்கிட்டார்கள். மீதியெல்லாம் பயிற்சி, பராமரிப்பு, ஜாக்கி, எந்தப் பந்தயத்தில் ஓடவிடுகிறார்கள் என்பவை.

சில நேரங்களில் ஒற்றை மரபணுவே பெரிய வேலை செய்யும். தசை வளர்ச்சிக்குக் கடிவாளம் போடும் மயோஸ்டேட்டின் மரபணுவில் சி, டி என இரு வடிவங்கள் உண்டு. இரண்டு சி இருந்தால் குறுகிய தூர வேகம், இரண்டு டி இருந்தால் நீண்ட தூரத் தாக்குப்பிடிப்பு, ஒவ்வொன்று இருந்தால் நடுத்தரத் தூரம். டப்ளினில் எம்மெலின் ஹில் குழுவினர் 2010இல் இதைக் கண்டறிந்தனர். சி வடிவம் நவீனப் பந்தயக் குதிரைகளிடம் பரவியதில் நியார்க்டிக் என்ற பொலிகுதிரைக்கு (இனப்பெருக்கத்துக்கு வைத்திருக்கும் ஆண்குதிரை) பெரும் பங்கு இருப்பதை அவர்கள் பிறகு காட்டினார்கள். நார்தர்ன் டான்சரின் தகப்பன் அதுதான்.

செக்ரடேரியட்டைத் ‘தோற்றுப்போன தகப்பன்’ என்று எழுதுவதை நான் ஏற்கவில்லை. மகன், பேரன் என்று ஆண்வழியை மட்டுமே எண்ணுவதால் வரும் தீர்ப்பு அது. இனிஷியலை வைத்து ஒருவரின் வம்சத்தையே அளந்துவிட்டதாக நினைப்பது போன்றது. ஆண்வழியில் கலையாமல் இறங்குவது ஒய் குரோமோசோம் மட்டுமே. மரபணுத் தொகுதியில் அது மிகச் சிறிய பகுதி. மகள்கள் வழியாகப் பாருங்கள். டெர்லிங்குவா என்ற மகளுக்குப் பிறந்தது ஸ்டார்ம் கேட், வீக்எண்ட் சர்ப்ரைஸுக்குப் பிறந்தது ஏ.பி. இண்டி, செக்ரெட்டேமுக்குப் பிறந்தது கான் வெஸ்ட். மூன்றுமே தலைசிறந்த பொலிகுதிரைகள். 37 ஆண்டு இடைவெளிக்குப் பின் 2015இல் அமெரிக்க டிரிபிள் கிரவுனை வென்ற அமெரிக்கன் ஃபாரோவும், 2018இல் வென்ற ஜஸ்டிஃபையும் ஸ்டார்ம் கேட்டின் வழிவந்தவை. ஸ்டார்ம் கேட்டின் தகப்பன்வழித் தாத்தா யார் தெரியுமா? நார்தர்ன் டான்சர்.

மகள்கள் வழியே சிறப்பு இறங்கியதற்கு எக்ஸ் குரோமோசோமைக் காரணம் சொல்பவர்கள் உண்டு. தகப்பனின் எக்ஸ் மகளுக்கு மட்டுமே போகும். பெரிய இதயத்துக்கான மரபணு அதில் இருக்கிறது என்பது அவர்கள் வாதம். 1989இல் செக்ரடேரியட் இறந்தபோது, பரிசோதித்த மருத்துவர் அதன் இதயம் சுமார் 10 கிலோ இருக்கும் என்று மதிப்பிட்டார். வழக்கமான அளவைப்போல் இரு மடங்குக்கும் மேல். ஆனால் அது எடைபோடப்படவில்லை, அப்படி ஒரு மரபணு எக்ஸில் இருப்பதும் நிரூபிக்கப்படவில்லை. எனக்கு எளிய விளக்கமே போதும்: சாம்பியனின் மகள்களை மிகச் சிறந்த பொலிகுதிரைகளோடு சேர்த்தார்கள், நல்ல பாதிகள் அங்கே கூடின.

பெரிய மரபுக்கு ஒரு விலையும் இருக்கிறது. உலகெங்கும் 10,000க்கும் மேற்பட்ட குதிரைகளின் மரபணுவை ஆராய்ந்து 2020இல் வெளியான ஆய்வில், 97 சதவீதத்தின் வம்சாவளியில் நார்தர்ன் டான்சர் இருந்தது. உறவுக்குள்ளேயே சேரும்போது குறைபாடுள்ள மரபணுக்கள் இரட்டிக்கின்றன. உட்கலப்பு 10 சதவீதம் கூடினால், குட்டி பந்தயத்தில் ஓடும் வாய்ப்பே 7 சதவீதம் குறைகிறது என்று 2022இல் வந்த ஆய்வு சொல்கிறது. ஒரு பொலிகுதிரையை ஆண்டுக்கு 140 பெட்டைகளுக்கு மேல் சேர்க்கக் கூடாதென பந்தயக் குதிரைகளின் வம்சாவளியைப் பதிவு செய்யும் அமெரிக்க ஜாக்கி கிளப் 2020இல் விதி கொண்டுவந்தது. பண்ணைகள் வழக்குத் தொடுத்தன. 2022இல் விதி திரும்பப் பெறப்பட்டது. அந்த விதி திரும்ப வரவேண்டும்.