ஸ்பிரிங்க்ளர் விதி: கான்ட்ராக்டர் சொல்வதா, அதிகாரி சொல்வதா?

ஃபால்ஸ் சீலிங் முடிந்து பெயின்ட்டும் காய்ந்த பிறகு ஆய்வுக்கு வருகிறார் தீயணைப்பு அதிகாரி. "சீலிங்குக்கு மேலேயும் ஸ்பிரிங்க்ளர் (தீப்பிடித்தால் தானாக நீர் தெளிக்கும் கருவி) வேண்டும்" என்கிறார். "800 மில்லிமீட்டருக்குள்தான் இருக்கிறது சார், தேவையில்லை" என்கிறார் கான்ட்ராக்டர். இருவரும் படித்திருப்பது ஒரே விதிதான். சீலிங்கைப் பிரிக்கச் செலவு செய்யப்போகிறவரோ கட்டட உரிமையாளர்.

அந்த விதி தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016-இன் நான்காம் பகுதியில் இருக்கிறது. ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலுள்ள வெற்றிடத்தின் உயரம் 800 மி.மீ.க்கு மேல் போனால் அங்கேயும் ஸ்பிரிங்க்ளர் வைக்க வேண்டும். சரி, அந்த உயரத்தை எங்கிருந்து அளப்பது? மேலே உள்ள கான்கிரீட் தளத்தின் அடியிலிருந்தா, பீமின் அடியிலிருந்தா? சீலிங் தளத்துக்கு 1,000 மி.மீ. கீழே இருந்து, பீம் 450 மி.மீ. இறங்கினால், தளத்திலிருந்து அளப்பவருக்கு 1,000 வரும், பீமிலிருந்து அளப்பவருக்கு 550 வரும். தளத்திலிருந்து அளப்பதே சரி என்பது என் கருத்து. சூடும் புகையும் முதலில் தேங்குவது பீம்களுக்கு நடுவே உள்ள அந்தக் குழியில்தானே.

இதில் யார் சொல் நிற்கும்? தேசியத் தொகுப்பு இந்தியத் தர நிர்ணய அமைவனம் வெளியிடும் பரிந்துரை. மாநிலம் தன் விதிகளில் ஏற்றால்தான் அது கட்டாயமாகும். உதாரணமாக, தேசியத் தொகுப்புக்கு 15 மீட்டர் உயரமே அடுக்குமாடி உயர்கட்டடம். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019-இலோ 18.30 மீட்டரைத் தாண்ட வேண்டும். 17 மீட்டர் கட்டடம் வைத்திருப்பவர் முதலில் பார்க்க வேண்டியது மாநில விதியைத்தான். விதியின் வாசகம் இரண்டு பொருள் தரும் இடத்தில், தடையில்லாச் சான்று தரும் தீயணைப்புத் துறை எடுத்துக்கொள்ளும் பொருளே நடைமுறையில் செல்லும்.

இதைவிட எனக்குக் கவலை தருவது வேறொன்று. சில கான்ட்ராக்டர்கள் இரண்டு விதிநூல்களிலிருந்து தங்களுக்கு வசதியானதை மட்டும் பொறுக்கி எடுக்கிறார்கள். ஸ்பிரிங்க்ளருக்கான இந்திய விதிநூலான ஐ.எஸ். 15105-இன் 2002 பதிப்பு, நடுத்தர ஆபத்துள்ள இடத்துக்குச் சதுர மீட்டருக்கு நிமிடத்துக்கு 5 லிட்டர் நீர் கேட்கிறது, ஒரே நேரத்தில் நீர் தெளிப்பதாகக் கணக்கிடும் பரப்பு 360 சதுர மீட்டர். பெருக்கினால் நிமிடத்துக்கு 1,800 லிட்டர். அமெரிக்க விதியான என்.எஃப்.பி.ஏ. 13, சாதாரண ஆபத்தின் முதல் பிரிவுக்குச் சுமார் 6.1 லிட்டரும் 139 சதுர மீட்டரும் வைத்திருக்கிறது. அது சுமார் 850 லிட்டர். இரண்டும் தனித்தனியே முழுமையான கணக்குகள். அங்கிருந்து 139-ஐயும் இங்கிருந்து 5-ஐயும் எடுத்தால் வருவது 700 லிட்டருக்கும் குறைவு. எந்த நூலும் அனுமதிக்காத அளவு அது! பம்பும் தொட்டியும் அந்த அளவுக்கே வாங்கப்படும், டிராயிங்கில் இரண்டு நூல்களின் பெயரும் அழகாக இருக்கும். அதிகாரி இதைக் கேள்வி கேட்டால் அவரைத் தொல்லை தருகிறவர் என்று நினைக்காதீர்கள். உங்கள் பக்கம்தான் பேசுகிறார்.

அதனால் ஒப்பந்தத்திலேயே எந்த விதிநூல், எந்த ஆண்டுப் பதிப்பு என்று எழுதி வாங்குங்கள். வெற்றிடத்தின் உயரம், பீமின் ஆழம், ஏசி டக்ட்டின் அகலம் மூன்றும் டிராயிங்கில் இருக்கட்டும். அகலமான டக்ட் நீரை மறைக்கும். என்.எஃப்.பி.ஏ.வில் 1.2 மீட்டருக்கு மேல் அகலமான நிலையான தடைக்கு அடியிலும் ஸ்பிரிங்க்ளர் வேண்டும். சந்தேகம் உள்ள இடத்தைக் குழாய் போடுமுன்பே தீயணைப்புத் துறைக்கு எழுதிக் கேளுங்கள், பதிலையும் எழுத்திலேயே வாங்குங்கள். வாய்மொழியாக "பார்த்துக்கலாம்" என்றவர் இறுதி ஆய்வுக்கு முன் மாற்றலாகிப் போயிருக்கலாம். ஆய்வில் குறை சொன்னால் எந்தப் பிரிவின்படி என்று பணிவாகக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், சீலிங் மூடும் முன் அளவு நாடாவை வைத்து ஒவ்வொரு அறையிலும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மூடிய பிறகு அந்த 800 மி.மீ.யை யாராலும் அளந்து காட்ட முடியாது.