விழுகிற பக்கம் திரும்பும் சக்கரம்

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “சைக்கிள் வாங்கப் போனால் ‘ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருங்கள்’ என்கிறார்கள். நானும் நாலைந்து ஓட்டிப் பார்த்துவிட்டேன். எல்லாமே நன்றாகத்தான் ஓடுகின்றன. இதில் எதைத்தான் பார்ப்பது?”

எல்லாமே நன்றாக ஓடுகின்றன என்பதில்தான் சிக்கல். சைக்கிளில் சின்னக் கோளாறு இருந்தால் உங்கள் கையும் இடுப்பும் சேர்ந்து அதைச் சரிக்கட்டிவிடும். உங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாது.

சீட் உயரம், பிரேக், கியர், சக்கரத்தில் கோட்டம் ஆகியவற்றை நின்ற இடத்திலேயே பெரும்பாலும் பார்த்துவிடலாம். பிடிக்காவிட்டால் மாற்றிக்கொள்ளலாம், சரிசெய்துகொள்ளலாம். டயரில் காற்று மட்டும் சரியாக இருக்கட்டும். ஓட்டினால் மட்டுமே தெரிகிற விஷயம் வேறு: அந்தச் சைக்கிளுக்குத் தானாக நிமிர்ந்து நிற்கத் தெரியுமா?

ஆமாம், தானாக. நல்ல சைக்கிளை ஆளில்லாமல் வேகமாகத் தள்ளிவிட்டுப் பாருங்கள். சாயும், நிமிரும், மறுபக்கம் சாயும், மறுபடி நிமிரும். வேகம் குறைந்த பிறகுதான் விழும். எப்படி?

குடையை உள்ளங்கையில் செங்குத்தாக நிறுத்தி விளையாடியிருப்பீர்கள். குடை எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே கையை நகர்த்துவோம். சைக்கிளும் அதைத்தான் செய்கிறது. இடப்பக்கம் சாய்ந்தால் முன்சக்கரம் இடப்பக்கம் திரும்ப வேண்டும். அப்போது சக்கரங்கள் சாய்ந்த உடலுக்கு அடியில் போய் அதைத் தாங்கிக்கொள்ளும். விழுகிற பக்கம் திரும்பு, அவ்வளவுதான் ரகசியம். சரி, திருப்புவது யார்?

“சுழலும் சக்கரம் பம்பரம் மாதிரி, அதனால் விழாது” என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். இதை அறிவியல் வகுப்பின் மூடநம்பிக்கை என்பேன். முழுப் பொய் என்று சொல்ல முடியாது, ஆனால் கதை அதோடு முடியவில்லை. 1970இல் டேவிட் ஜோன்ஸ் என்ற பிரிட்டன் வேதியியலாளர் ஓட்டவே முடியாத சைக்கிள் ஒன்றைச் செய்ய ஆசைப்பட்டார். முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் எதிர்த்திசையில் சுழலும் இன்னொரு சக்கரத்தைப் பொருத்திப் பம்பர விளைவை ரத்து செய்தார். ஆளில்லாமல் தள்ளியபோது அது சீக்கிரம் விழுந்தது உண்மைதான். ஆனால் ஏறி ஓட்டினால் சாதாரணமாக ஓடியது! அவரைப் படாத பாடு படுத்தியது வேறொரு சைக்கிள். அதில் முன்சக்கரத்தை மிகவும் முன்னால் தள்ளி வைத்திருந்தார்.

நான் எப்போதும் வியக்கிற இடம் இதுதான். ஹேண்டில் திரும்புகிற அச்சு செங்குத்தாக இருக்காது, பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். அந்தச் சாய்கோட்டை அப்படியே தரைவரை நீட்டுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். அது தரையைத் தொடும் புள்ளி, டயர் தரையைத் தொடும் புள்ளிக்குச் சற்று முன்னால் இருக்கும். இந்த இடைவெளிக்கு டிரெயில் என்று பெயர். வழக்கமான சைக்கிள்களில் ஐந்தாறு சென்டிமீட்டர். சைக்கிள் இடப்பக்கம் சாயும்போது, தரை டயரை மேல்நோக்கித் தள்ளும் விசையில் ஒரு சிறு பங்கு பக்கவாட்டில், வலப்பக்கமாக விழுகிறது. அது விழும் இடம் அச்சுக்குப் பின்னால். பின்பகுதி வலப்பக்கம் போனால் முன்பகுதி இடப்பக்கம் திரும்பித்தானே ஆக வேண்டும்! சாய்ந்த பக்கமே திரும்பிவிட்டது. மோட்டார் இல்லை, சென்சார் இல்லை. ஒரு குழாயைக் கொஞ்சம் சாய்த்து வைத்ததோடு சரி.

இதைச் சோதிக்கக் காசே வேண்டாம். சைக்கிள் பக்கத்தில் நின்று சீட்டை மட்டும் பிடித்துத் தள்ளிக்கொண்டே நடங்கள். சீட்டை லேசாக இடப்பக்கம் சாயுங்கள், ஹேண்டில் தானாக இடப்பக்கம் திரும்பும். சீட்டாலேயே முழுச் சைக்கிளையும் வளைத்து ஓட்டிச் செல்லலாம்.

இதுவும் முழுக் கதை இல்லை என்று 2011இல் தெரிந்தது. கார்னெல், டெல்ஃப்ட் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழு ஒன்று பம்பர விளைவும் டிரெயிலும் இல்லாத ஒரு விசித்திர வண்டியைச் செய்தது. டிரெயில் இல்லை என்பதைவிட, டயர் தரையைத் தொடும் புள்ளி அச்சுக்கு 4 மில்லிமீட்டர் முன்னாலேயே இருந்தது. ஆனாலும் அது தானாக நிமிர்ந்தது. முன்பகுதியின் எடை அச்சுக்கு முன்னால் தாழ்வாக இருந்ததால், சாயும்போது அது முந்திக்கொண்டு விழுந்து சக்கரத்தைத் திருப்பிவிட்டது. ஆக வழிகள் பல, காரியம் ஒன்றே.

அந்தக் குழுவில் இருந்த ஜிம் பாப்படோபூலஸ் 1980களிலேயே கார்னெலில் சைக்கிள் சமன்பாடுகளோடு மல்லுக்கட்டியவர். பணம் கிடைக்காமல் அந்த ஆராய்ச்சி நின்றுபோய், அவர் வேறு வேலைகளுக்குப் போனார். அந்தக் கணக்கு முறையாக வெளியாக 2007 ஆயிற்று. உலகமே ஏறி மிதிக்கிற வண்டியைப் பற்றிய ஆராய்ச்சிக்குக் கொடுக்க யாரிடமும் பணம் இல்லை என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் எரிச்சல்தான்.

2007 கட்டுரையில் மாதிரியாக எடுத்துக்கொண்ட சைக்கிள், ஓட்டுபவர் அசையாமல் உட்கார்ந்திருந்தாலே நிமிர்ந்து ஓடும் வேகம் மணிக்குச் சுமார் 15 முதல் 22 கிலோமீட்டர். அதற்குக் கீழே ஓட்டுபவர் வேலை செய்ய வேண்டும். ஒரே அளவு ஹேண்டிலைத் திருப்பினாலும் நிமிர்த்தும் விசை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப மாறும். வேகம் பாதியானால் விசை கால் பங்கு. மெதுவாக ஓட்டும்போது ஹேண்டில் அதிகமாக ஆடுவது அதனால்தான்.

இப்போது ஓட்டிப் பார்க்கும் கதைக்கு வருவோம். முன்சக்கரம் தானாகத் திரும்ப வேண்டுமென்றால் ஹேண்டிலின் கழுத்துப் பேரிங் தடையில்லாமல் சுழல வேண்டும். நான் ஒருமுறை பளபளவென்று இருந்த பழைய சைக்கிள் ஒன்றை வாங்கினேன். ஓட்டிப் பார்த்தபோது கொஞ்சம் பாம்பு மாதிரி நெளிந்தது. எனக்குப் புது வண்டி, பழகவேண்டும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஒரு வாரம் தோள் வலியோடு ஓட்டிய பிறகுதான் கழுத்து நட்டை அளவுக்கு மீறி இறுக்கியிருந்தது தெரிந்தது. சக்கரம் செய்ய வேண்டிய நுணுக்கமான திருத்தங்களை உராய்வு தின்றுவிட்டது. அந்த வேலையை ஒரு வாரமாக என் தோள்கள் செய்திருக்கின்றன. நட்டைக் கால் சுற்றுத் தளர்த்தியதும் வண்டி நேரானது.

அதனால் ஏறுவதற்கு முன் முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிப் பிடித்து, வண்டியை லேசாகச் சாயுங்கள். ஹேண்டில் வழுக்கிக்கொண்டு திரும்ப வேண்டும். நேர்நிலையில் எங்காவது பள்ளத்தில் விழுந்த மாதிரி தங்கினால் பேரிங் தேய்ந்திருக்கிறது. அப்புறம் முன்பிரேக்கைப் பிடித்து வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். கழுத்தில் ‘டொக்’ என்றால் தளர்வு.

ஏறிய பிறகு, வண்டிகள் வராத சமதளப் பாதையில் நடக்கிற வேகத்தில் கொஞ்ச தூரம், நிதானமான வேகத்தில் கொஞ்ச தூரம் போங்கள். இரண்டாவதில் கையை எடுக்க வேண்டாம், பிடியை மட்டும் தளர்த்தி விரல்களை ஹேண்டில் மேல் சும்மா வையுங்கள். ஒரு பக்கமாகவே இழுத்தால் திரும்பி வந்து எதிர்த்திசையிலும் அதே பாதையில் ஓட்டுங்கள். இழுக்கும் பக்கம் மாறினால் பாதை சரிந்திருக்கிறது. மாறாவிட்டால் முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கோ வண்டியின் சட்டமோ வளைந்திருக்கலாம், சக்கரம் நடுவில் பொருந்தாமலும் இருக்கலாம்.

இதையெல்லாம் ஏறிய கொஞ்ச நேரத்துக்குள் கவனித்துவிடுங்கள். அப்புறம் உடம்பு பழகிவிடும். அது எவ்வளவு சத்தமில்லாமல் வேலை செய்யும் என்பதற்கு வில்பர் ரைட்டே சாட்சி. விமானத்துக்கு முன் அவர் சைக்கிள் செய்து விற்றவர். இடப்பக்கம் திரும்ப என்ன செய்வீர்கள் என்று பலரிடம் கேட்டார். ஹேண்டிலை இடப்பக்கம் திருப்புவோம் என்றே ஏறக்குறைய எல்லாரும் சொன்னார்கள். உண்மையில் முதலில் ஒரு கணம் வலப்பக்கம் திருப்பி, வண்டியை இடப்பக்கம் சாய வைத்த பிறகே அந்தப் பக்கம் திரும்புகிறோம். தினமும் செய்கிறவர்களுக்கே அது தெரிந்திருக்கவில்லை.

எனவே நாலைந்து சைக்கிள்களையும் ஒவ்வொன்றாக ஓட்டி முடிக்காதீர்கள். இரண்டை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் ஒரு நிமிடம் என்று மாறி மாறி ஓட்டுங்கள். ஒன்றிலிருந்து இறங்கி இன்னொன்றில் ஏறும் அந்த முதல் பத்து மீட்டரில்தான், “எல்லாமே நன்றாக ஓடுகின்றன” என்று உங்களால் சொல்ல முடியாமல் போகும்.